ஏரிக்கரைக் கலங்கரை விளக்கத்தைப் பராமரிப்பது எப்படி: உச்சி முதல் அடி வரை

கடலோரக் கலங்கரை விளக்கத்துக்கு உப்பு எதிரி. ஏரிக்கரையில் நிற்பதற்கு உறைபனி எதிரி. வட அமெரிக்கப் பேரேரிகளின் கரைகளில் நிற்கும் பழைய செங்கல் கோபுரங்களைப் பராமரிக்க வருகிறவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். கடலோரக் கோபுரங்களுக்காகச் சொல்லப்படும் யோசனைகளில் பாதி இங்கே பொருந்தாது. நல்ல தண்ணீர்தானே என்ற அலட்சியத்துக்கும் இங்கே இடமில்லை.

நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. செங்கல்லின் நுண்துளைகளில் ஊறிய நீர் இரவில் உறைந்து பகலில் இளகும். ஒரே குளிர்காலத்தில் இது பலமுறை நடக்கும். ஒவ்வொரு முறையும் செங்கல்லின் முகத்திலிருந்து கொஞ்சம் பெயர்ந்து விழும். மிச்சிகன் ஏரிக்கரையில் 1867-இல் எழுந்த பிக் சேபிள் பாயின்ட் கோபுரத்தின் செங்கல் மோசமாக உதிர்ந்ததால், 1900-இல் கோபுரத்தைச் சுற்றி உலோகத் தகடுகளைப் பொருத்தி மூட வேண்டியதாயிற்று. அதே ஏரியில், எவன்ஸ்டன் நகரின் கிராஸ் பாயின்ட் கோபுரம் 1873-இல் கட்டப்பட்டது. 1914-இல் அதன் மேல் கான்கிரீட் போர்த்தினார்கள். நல்ல கொத்தனார்கள் கட்டிய கோபுரங்கள் இவை. இருந்தும் நாற்பது ஆண்டுகளுக்குள் அல்லது சற்றே கூடுதலான காலத்தில் இந்த நிலைக்கு வந்தன.

ஆகவே எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறுமா, உள்ளேயே சிக்குமா? சிக்கும் என்றால் அந்த வேலையைச் செய்யாதீர்கள், அது எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும்.

இங்கே சொல்பவை செங்கல் கோபுரத்துக்கும் அதன் தலையிலிருக்கும் வார்ப்பிரும்பு விளக்கறைக்கும் உரியவை. மரக் கோபுரங்களுக்கும் எஃகுச் சட்டகக் கோபுரங்களுக்கும் முறை வேறு.

கைவைக்கும் முன்

அனுமதியை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் வரலாற்றுக் கலங்கரை விளக்கப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பல கோபுரங்கள் உள்ளூர் சங்கங்களின் கைக்கு வந்துள்ளன. அந்த உரிமைப் பத்திரத்திலேயே என்ன செய்யலாம், எதற்கு மாநிலத் தொன்மைப் பாதுகாப்பு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். கனடாவில் 2008-இல் நிறைவேறிய பாரம்பரியக் கலங்கரை விளக்கப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. விளக்கு இன்னும் கப்பல்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தால் அந்த விளக்குக் கருவி கடலோரக் காவல் படையின் பொறுப்பு. அதன் வயரைக்கூட நகர்த்தாதீர்கள்.

அடுத்து உடல் பாதுகாப்பு. மூன்று நச்சுகள் இங்கே சாதாரணமாக இருக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். பரிசோதிக்கும் வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. புறா எச்சம் குவிந்திருந்தால் அதை உலர்வாகக் கூட்டாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் பூஞ்சைத் துகள் நுரையீரலைத் தாக்கும். தெளிப்பானால் நனைத்து, சுவாச வடிகட்டி முகமூடி அணிந்து, அள்ளி மூட்டையில் கட்டுங்கள். மூன்றாவது பாதரசம், அதற்கு லென்ஸ் பகுதியில் வருகிறோம்.

ஆய்வுக்கு ஏற்ற காலம் ஏப்ரல் இறுதி, மே தொடக்கம். பனி உருகி, சேதம் புதிதாகத் தெரியும். பெருமழை பெய்த மறுநாள் காலையில் இன்னொரு முறை ஏறுங்கள். கையில் இருக்க வேண்டியவை: இருகண் நோக்கி, பிரகாசமான டார்ச், ஈரமானி, காற்றின் ஈரப்பதம் காட்டும் கருவி, தொடாமல் வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி, சிறு மரச்சுத்தி, குத்தூசி, சாக்பீஸ், கேமரா. கோபுரத்தை எட்டுத் திசை முகங்களாகவும் மூன்று மீட்டர் உயரப் பட்டைகளாகவும் தாளில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுங்கள். ஒரே எண்முறையை ஆண்டுதோறும் வைத்திருந்தால், ஒரு விரிசல் வளர்கிறதா நிற்கிறதா என்று மூன்றாம் ஆண்டில் தெரிந்துவிடும். எண் இல்லாத புகைப்படங்கள் நூறு இருந்தும் பயனில்லை.

உச்சியில் தொடங்கிக் கீழே வாருங்கள். தண்ணீரும் அந்த வழியில்தான் வருகிறது. கீழ்ச்சுவரில் கறை கண்டு அங்கேயே பூசுகிறவர்கள், மூன்று மாடி மேலே, விளக்கறையைச் சுற்றி வெளியே ஓடும் நடைமேடையான வெளிமாடத்தின் தகட்டு இணைப்பில் இருக்கும் ஓட்டையை விட்டுவிடுகிறார்கள்.

காற்று வழி

விளக்கைப் பார்த்துக்கொண்ட காவலர் குடியிருந்த காலத்தில் கோபுரம் ஒரு புகைபோக்கி போல இயங்கியது. மேலே மண்ணெண்ணெய் விளக்கு இரவெல்லாம் எரியும். சூடான காற்று விளக்கறைக் கூரையின் உருண்டைத் துவாரம் வழியே வெளியேறும். அதற்கு ஈடாகக் கீழ்க் கதவிலிருந்தும் சன்னல்களிலிருந்தும் உலர்ந்த காற்று ஏறி வரும். விளக்கு தானியங்கியான பிறகு சன்னல்களில் பலகை அடித்தார்கள், துவாரங்களைப் பறவைக்குப் பயந்து அடைத்தார்கள், கதவைப் பூட்டினார்கள். அன்றிலிருந்து சுவர் உள்ளிருந்து நனையத் தொடங்கியது.

செய்ய வேண்டியது இது. விளக்கறைக் கூரை உருண்டையை ஏணி போட்டுத் திறந்து, கூடு, பூச்சி, பழைய பெயின்ட் அடைப்பை நீக்குங்கள். விளக்கறையின் அடிச்சுவரில் சுற்றிலும் சிறிய பித்தளை அல்லது வார்ப்பிரும்புக் காற்றுத் துளைகள் இருக்கும். அவற்றின் மூடிகள் பெயின்டால் ஒட்டிப்போயிருக்கும். வெட்டிப் பிரிக்காமல், பெயின்டைக் கரைக்கும் பசையைத் தடவி ஓரிரவு விட்டு, மரக்கூர் கொண்டு சுழற்றுங்கள். சன்னலில் பலகை இருந்தால் அதை எடுத்துவிட்டு, மழை உள்ளே வராதபடி சாய்ந்த பட்டிகளுள்ள சட்டத்தைப் பொருத்துங்கள். உட்புறம் ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை போதும், பறவை வராது. கொசுவலை அளவுக்கு நுண்ணிய வலை போட்டால் ஒரே கோடையில் தூசி அடைத்துக் காற்று நின்றுவிடும்.

ஆனால் எப்போதும் எல்லாவற்றையும் திறந்து போடுவதும் தவறு. மே, ஜூன் மாதங்களில் தடித்த சுவர் இன்னும் குளிர்காலத்துக் குளிரோடு இருக்கும். வெளியே காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கும். ஒரு கணக்கு பாருங்கள்: வெளியே 20 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனி படியும் வெப்பநிலை சுமார் 14 டிகிரி. உட்சுவர் 10 டிகிரியில் இருந்தால் குளிர்ந்த சொம்பின் மேல் நீர் பூப்பதுபோலச் சுவர் முழுக்க வியர்க்கும். அப்படிப்பட்ட நாட்களில் பெரிய கதவையும் சன்னலையும் மூடி வையுங்கள். மேலும் கீழுமுள்ள நிரந்தரத் துளைகள் மட்டும் திறந்திருக்கட்டும். சுவரின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் கூடுதலாக இருக்கும் உலர்ந்த நாளில் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். காலையில் கதவருகே இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதி வைக்கும் வழக்கம் வந்தால், யார் பொறுப்பில் இருந்தாலும் முடிவு தெளிவாக இருக்கும்.

விளக்கறையும் வெளிமாடமும்

துருப்பிடித்த இரும்பு பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். இரண்டு வார்ப்பிரும்புத் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால், அங்கே வளரும் துரு தகட்டையே நெம்பி உடைக்கும். கைப்பிடிக் கம்பியின் கால் தளத்தில் இறங்கும் இடம், வெளிமாடத் தகடுகளின் இணைப்பு, விளக்கறைக் கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பு ஆகிய மூன்று இடங்களில்தான் இது முதலில் தெரியும். செங்கல் சுவரில் ஆரஞ்சு நிறக் கோடு வழிந்திருந்தால் அதன் நேர் மேலே பாருங்கள்.

தளர்ந்த பெயின்டையும் துருவையும் ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். ஊசித்துப்பாக்கி எனப்படும் காற்றழுத்தக் கருவியை வார்ப்பிரும்பில் மெதுவாகப் பயன்படுத்தலாம், ஆனால் வார்ப்பிரும்பு நொறுங்கும் குணமுள்ளது. விளிம்பிலும் விரிசல் அருகிலும் வேண்டாம். மணல் பீச்சுவதைச் செங்கல் பக்கம் கொண்டே போகாதீர்கள். செங்கல்லின் சுட்ட தோல் போய்விட்டால், உள்ளே இருப்பது பிஸ்கட் போல நீரை உறிஞ்சும்.

சுத்தமான இரும்பை அன்றைக்கே முதல் பூச்சால் மூடிவிடுங்கள். இரவு தாண்டினால் ஏரிக்காற்றில் மீண்டும் மெல்லிய துரு பூத்துவிடும், அதன் மேல் அடித்த பெயின்ட் அடுத்த குளிர்காலத்தில் தாளாக உரியும். துத்தநாகம் கலந்த எபாக்ஸி முதல் பூச்சு, நடுவில் எபாக்ஸி, மேலே பாலியூரித்தேன் என்ற மூன்றடுக்கு முறை நன்றாக நிற்கிறது. பெயின்ட் அடிக்கும்போது இரும்பின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வெயில் அடிக்கிறதே என்று தொடங்குவார்கள், ஆனால் நிழல் பக்கத்து இரும்பு அப்போதும் வியர்த்திருக்கும்.

இணைப்புகளைப் பாலியூரித்தேன் அல்லது பாலிசல்பைடு அடைப்பானால் நிரப்புங்கள். சிலிகான் வேண்டாம்: அதன் மேல் பெயின்ட் ஒட்டாது, பின்னாளில் எடுத்தாலும் எச்சம் போகாது. நீர் வடிவதற்கென்றே பழையவர்கள் விட்ட சிறு துளைகளை விரிசல் என்று எண்ணி அடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. துளை வட்டமாக, வரிசையாக, சம இடைவெளியில் இருந்தால் அது வடிகால். இரும்புச் சட்டத்தில் பித்தளையோ துருவா எஃகுப் போல்ட்டோ போட்டால் நடுவில் நைலான் வாஷர் வையுங்கள். இரு உலோகம் ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் இரும்புதான் கரையும்.

லென்ஸ்

கோபுரத்திலேயே விலைமதிப்பற்றது இது. இன்று அதேபோல் செய்து தருவது மிக அரிது என்னும் அளவுக்குக் கைவேலை நிறைந்தது. ஆகஸ்டின் ஃபிரெனல் 1820-களில் பிரான்சில் உருவாக்கிய முறை: தடித்த ஒரே கண்ணாடிக்குப் பதிலாக, நடுவில் ஒளியை வளைக்கும் வளையங்கள், மேலும் கீழும் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டகங்கள். அளவைத் தரவரிசையால் சொல்வார்கள். விளக்குச் சுடரிலிருந்து லென்ஸ் வரையுள்ள தூரம் முதல் தரத்தில் 920 மில்லிமீட்டர், இரண்டாம் தரத்தில் 700, மூன்றாம் தரத்தில் 500, நான்காம் தரத்தில் 250, ஆறாம் தரத்தில் 150. கிராஸ் பாயின்ட்டில் இருப்பது இரண்டாம் தரம். இன்னும் கோபுரத்திலேயே இருக்கிறது. சுப்பீரியர் ஏரியின் வடகரையில் 1910-இல் ஏற்றப்பட்ட ஸ்பிளிட் ராக் விளக்கத்தில் இருப்பது மூன்றாம் தரம். சிப்பி போல இரண்டு முகங்கள் கொண்டது. அது சுழன்று பத்து விநாடிக்கு ஒரு முறை ஒளி வீசியது. 1969-இல் பணி முடிந்தது. ஆனாலும் 1975 நவம்பர் 10 அன்று 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு கப்பலின் நினைவாக, ஆண்டுதோறும் அந்த நாளில் ஏற்றுகிறார்கள்.

ஸ்பிளிட் ராக்கில் இருப்பதுபோலச் சுழலும் பெரிய லென்ஸ்களில் பல பாதரசத் தொட்டியில் மிதப்பவை. டன் கணக்கில் எடையுள்ள லென்ஸை ஒரு விரலால் சுற்ற முடிவது அதனால்தான். பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும், ஆவிக்கு வாசனையில்லை. உங்கள் லென்ஸின் பீடத்தில் வட்டத் தொட்டி இருந்தால், பாதரச ஆவியை அளக்கும் பயிற்சி பெற்றவர் வந்து பார்க்கும் வரை விளக்கறையில் வேலை வேண்டாம். தரையில் வெள்ளி மணிகள் தெரிந்தால் கூட்டாதீர்கள், வீட்டு வாக்குவம் கிளீனரை அருகில் கொண்டுவராதீர்கள். இரண்டுமே அதை நுண்துளியாகப் பரப்பிவிடும். கதவை மூடிவிட்டுக் கீழே இறங்கி உரிய துறையை அழையுங்கள்.

பட்டகங்கள் பித்தளைச் சட்டத்தில் லித்தார்ஜ் மக்கால் பதிக்கப்பட்டுள்ளன. ஈய ஆக்சைடு, சாக்குத்தூள், ஆளி எண்ணெய் சேர்ந்த மக்கு அது. நூறாண்டு கழித்து அது சுண்ணாம்புக் கட்டி போல உடையக்கூடியதாகியிருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதை இன்னும் விரைவாகக் கெடுக்கும். மக்கு உதிர்ந்தால் பட்டகம் தளரும், தளர்ந்த பட்டகம் அதிர்வில் சட்டத்தோடு மோதி விளிம்பு உடையும். லென்ஸின் அடியில் வெளிர்மஞ்சள் அல்லது சாம்பல் நிறத் துகள் கிடக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கிடந்தால் பெருக்கி எறியாமல், எந்தப் பலகையின் கீழே கிடந்தது என்று எழுதி உறையில் போடுங்கள். கண்ணாடிச் சில்லுக்கும் இதுவே. சில்லை உடனடிப் பசையால் ஒட்டிவிடுகிறவர்கள், பின்னால் வரும் நிபுணரின் வேலையை மூன்று மடங்காக்குகிறார்கள். அந்த மக்கு ஈயம், வேலை முடிந்து கைகழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

சுத்தம் செய்வது ஆண்டுக்கு ஒரு முறை போதும். அடிக்கடி துடைப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும்; கண்ணாடி மென்மையான பழைய வகை, ஒவ்வொரு துடைப்பும் ஒரு நுண்கீறல். மேகமூட்டமான நாளில், லென்ஸும் அறையும் ஒரே வெப்பத்தில் இருக்கும்போது தொடங்குங்கள். வெயிலில் சூடேறிய பட்டகத்தில் குளிர்ந்த ஈரத்துணி பட்டால் விரிசல் விடலாம்.

மோதிரம், கடிகாரம், பெல்ட் கொக்கி, கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாவற்றையும் கழற்றுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காவலர்கள் சட்டைப் பித்தான் கண்ணாடியில் உரசாமலிருக்க லினன் மேலங்கி கட்டிக்கொண்டுதான் லென்ஸ் அருகே போனார்கள். அந்த வழக்கம் இன்றைக்கும் சரியானது. நைட்ரைல் கையுறை போடுங்கள். பருத்திக் கையுறை வழுக்கும், உடைந்த விளிம்பில் நூல் மாட்டும்.

முதலில் மிருதுவான ஆட்டுமயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டுங்கள். தூசி இருக்கும்போதே ஈரத்துணி போட்டால் அது சேறாகிக் கீறும். அடுத்து ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில், காரமும் அமிலமும் இல்லாத நடுநிலைச் சோப்புத் திரவம் சில துளிகள். துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஒவ்வொரு பட்டகமாக நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள். மக்கு இருக்கும் ஓரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நிறுத்துங்கள். இரண்டாவது துணி வெறும் காய்ச்சி வடித்த நீரில். மூன்றாவது உலர்ந்தது. அழுக்கான பக்கத்தை உள்மடித்துப் புதுப்பக்கத்தால் தொடருங்கள். மூன்றாம் தர லென்ஸுக்கு நாற்பது, ஐம்பது துணிகள் தேவைப்பட்டால் வியப்பில்லை. லென்ஸின் மேல் எதையும் நேரடியாகத் தெளிக்காதீர்கள்.

கடையில் விற்கும் கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். அதில் அம்மோனியா இருந்தால் அழுத்தத்தில் இருக்கும் பித்தளையில் விரிசலை உண்டாக்கும். வினிகரும் எலுமிச்சையும் ஈய மக்கைக் கரைக்கும். பித்தளையைப் பளபளக்கத் தேய்க்கும் ஆசையையும் அடக்குங்கள். தேய்ப்புப் பசையின் வெள்ளை எச்சம் மக்கின் பிளவில் போய் அடைந்தால் எடுக்க வழியில்லை. பழைய காவலர்கள் தினமும் தேய்த்தார்களே என்று கேட்பார்கள். அவர்கள் காலத்தில் மக்கு புதிது.

வெயிலில் இருந்து லென்ஸைக் காப்பது தனிக் கடமை. லென்ஸ் வெளிச்சத்தை வெளியே அனுப்புவதுபோலவே, சூரியனை உள்ளே குவிக்கும். குவியும் இடத்தில் பல்பின் பிளாஸ்டிக் தாங்கி உருகும், துணி தீப்பிடிக்கும். பழைய நாளில் விடிந்ததும் விளக்கை அணைத்தவுடன் விளக்கறைக்குத் திரை இழுத்தது இதற்காகத்தான். இன்றும் வெள்ளைப் பருத்தித் திரையைப் பகலெல்லாம் போட்டு வையுங்கள், கண்ணாடிகளில் புற ஊதாத் தடுப்புத் தாள் ஒட்டுங்கள். விளக்கு இன்னும் பணியில் இருந்தால் தாள் ஒட்டும் முன் காவல் படையிடம் கேட்டே ஆக வேண்டும்.

செங்கல்லும் சாந்தும்

பழைய கோபுரங்களில் அதிகக் கேடு செய்திருப்பது நல்ல எண்ணத்தோடு பூசப்பட்ட சிமென்ட். செங்கற்களுக்கு நடுவேயுள்ள சாந்து, செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஈரம் சாந்து வழியே வெளியேறும், கோபுரம் வெயிலிலும் குளிரிலும் சிறிது அசையும்போது சாந்து வளைந்து கொடுக்கும், உறைபனி சாந்தைத் தின்னும். முப்பது, நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை சாந்தை மாற்றிவிடலாம். கடினமான சிமென்ட் சாந்து போட்டால் எல்லாம் தலைகீழாகும். ஈரம் செங்கல் வழியே போகும், பனி செங்கல்லைத் தின்னும், சாந்து மட்டும் தேன்கூட்டுச் சுவர் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் காட்சியைக் கண்டால் சிமென்ட்தான் காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

குத்தூசியால் சாந்தைக் கீறிப் பாருங்கள். எளிதில் பொடிந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போனால் மாற்ற வேண்டும். கெட்டியாக இருந்தால், பழையது என்பதற்காக எடுக்காதீர்கள். மாற்றும் இடத்தில் இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு ஆழம் வரை எடுங்கள்: பத்து மில்லிமீட்டர் இணைப்புக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர். உளியும் சுத்தியும் போதும். வெட்டும் இயந்திரத்தைச் செங்குத்து இணைப்பில் வைத்தால் மேலும் கீழுமுள்ள செங்கல்லில் வெட்டு விழும், அந்த வெட்டில் தண்ணீர் நிற்கும்.

கலவைக்கு: மிதமான கடினத்துக்கு 3.5 தர நீர்மச் சுண்ணாம்பு (நீரோடு சேர்ந்து இறுகும் சுண்ணாம்புத் தூள்) ஒரு பங்கு, கழுவிய கூர்மணல் இரண்டரைப் பங்கு. செங்கல் மிக மென்மையாக இருந்தால் 2 தரம். நீர்மச் சுண்ணாம்பு கிடைக்காத இடத்தில் ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு நீறிய சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல் என்ற மெலிந்த கலவை ஏற்கத்தக்கது. அதற்கு மேல் சிமென்ட் கூடாது. பத்து மில்லிமீட்டர் இணைப்பை இருபத்தைந்து ஆழத்துக்கு நிரப்ப, ஒரு சதுர மீட்டர் சுவருக்குச் சுமார் ஐந்து லிட்டர் சாந்து பிடிக்கும். சேதாரத்தோடு ஆறு என்று கணக்கிடுங்கள். தண்ணீரைக் குறைவாக விடுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், ஈரம் வழியக் கூடாது.

முதல் நாள் மாலையும் வேலை நேரத்துக்குச் சற்று முன்பும் இணைப்பை நனையுங்கள். உலர்ந்த செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சி, அதை வெறும் மணலாக்கிவிடும். ஆறு மில்லிமீட்டர் அடுக்காக, ஒவ்வொன்றையும் உள்தள்ளி அழுத்தி நிரப்புங்கள். கட்டைவிரல் பதிந்தும் பதியாத பதத்தில் அடுத்த அடுக்கு. கடைசியில் கெட்டித் தூரிகையால் குத்திவிட்டு, நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் அந்தச் சாக்கு காயக் கூடாது. ஏரிக்காற்று நிற்காது வீசும் இடத்தில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நனைக்க ஆள் வேண்டும். இந்த ஆள் இல்லாவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள், ஏனென்றால் சுண்ணாம்பு வேலை தோற்பதற்குப் பெரும்பாலும் கலவை காரணமல்ல, காய்ந்துபோனதே காரணம்.

வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் வேண்டாம். வடக்கு ஏரிகளில் செப்டம்பர் நடுவில் கரணையைக் கழுவி வைத்துவிடுங்கள். புதுச் சுண்ணாம்புச் சாந்து உறைபனியைத் தாங்கும் பலம் பெறப் பல வாரம் ஆகும். அக்டோபரில் அவசரமாகப் பூசியது ஏப்ரலில் பொடியாகக் கீழே கிடக்கும்.

கிராஸ் பாயின்ட் போல ஏற்கெனவே கான்கிரீட் போர்த்திய கோபுரத்தில் அந்தப் போர்வையைப் பிடுங்காதீர்கள், செங்கல் முகமும் கூடவே வரும். விரிசல்களை மூடிவைத்து, மேல்விளிம்பில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்வதே அங்கே முழு வேலை.

வெள்ளையடித்தல்

கோபுரத்தின் நிறம் பகலில் அதன் அடையாளம். மாலுமி அதைப் பார்த்துத்தான் இது எந்தக் கரை என்று அறிவார். மாற்றாதீர்கள். நீர் புகாத பெயின்ட் என்று விற்பவை எதையும் செங்கல் மேல் போடாதீர்கள். அது மழையைத் தடுக்கும், ஆனால் உள்ளீரத்தையும் தடுக்கும். அந்த ஈரம் பெயின்டுக்குப் பின்னால் உறைந்து, செங்கல் தோலோடு சேர்த்துக் கொப்பளமாகத் தள்ளிவிடும்.

அமெரிக்கக் கலங்கரை விளக்க வாரியம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பிய வெள்ளைப்பூச்சு முறை புகழ்பெற்றது. அரை புஷல், அதாவது சுமார் 17.5 லிட்டர் அளவு சுட்ட சுண்ணாம்பைக் கொதிநீரில் மூடி நீற்றி வடிகட்ட வேண்டும். ஒரு பெக், அதாவது சுமார் 9 லிட்டர் உப்பை வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். சுமார் 1.4 கிலோ அரிசிமாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும். பிறகு 225 கிராம் வெள்ளைச் சாக்குத்தூள், 450 கிராம் வச்சிரப் பசை, 19 லிட்டர் வெந்நீர். சில நாள் ஊறவைத்துச் சூடாகவே அடிக்க வேண்டும். அரிசிக் கஞ்சியும் சுண்ணாம்பும் கலந்த இந்தப் பூச்சைப் படித்தால், சுவர்ச் சாந்தில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்த நம் ஊர்க் கொத்தனார்கள் நினைவுக்கு வருவார்கள். மாவுச்சத்தோ இனிப்போ சேர்த்துச் சுண்ணாம்பைப் பக்குவப்படுத்தும் அறிவு பல கரைகளில் தனித்தனியே பிறந்திருக்கிறது.

ஆனால் இந்த முறையை இன்று அப்படியே பின்பற்ற வேண்டாம். உப்பு செங்கல்லுக்குள் இறங்கிப் படிகமாகி உதிர்க்கும், அருகிலுள்ள இரும்பையும் அரிக்கும். உப்பு தவிர்த்த எளிய சுண்ணாம்புப் பூச்சே நல்லது: மூன்று மாதமாவது ஊறிய சுண்ணாம்புக் களியைப் பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்து, அகலத் தூரிகையால் மெல்லியதாக நான்கைந்து முறை அடியுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஒரு நாள். ஈரமாக இருக்கும்போது சுவர் தெரியத்தான் செய்யும், காய்ந்தபின் வெளுக்கும். முதல் முறையே வெண்மை வேண்டுமென்று தடித்து அடித்தால் செதிலாக உதிரும். சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதானால் கண்ணாடி, நீண்ட கையுறை கட்டாயம். தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும் சுண்ணாம்பு கண்ணைப் பறித்துவிடும்.

அடியும் படிகளும்

கோபுரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்கு நிலம் வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கட்டும். மலர்ப்பாத்தி வேண்டாம். அதற்கு ஊற்றும் நீர் அடிச்சுவரில் ஏறும். வார்ப்பிரும்புப் படிக்கட்டில் ஒவ்வொரு படியும் சுவருக்குள் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மரச்சுத்தியால் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் விரிசல். அந்தப் படி சரியாகும் வரை பார்வையாளரை ஏற்றாதீர்கள்.

குளிர்காலத்துக்கு மூடும்போது

கப்பல் ஓட்டம் நின்ற டிசம்பரில் பல காவலர்கள் விளக்கை அணைத்துவிட்டு ஊருக்குப் போவார்கள். இன்றைய கோபுரங்களை அக்டோபர் இறுதிக்குள் மூடத் தயாராகுங்கள். வெளிமாட வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர்க் குழாய் இருந்தால் முழுக்க வடித்துவிடுங்கள். லென்ஸை மூச்சுவிடும் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் போர்த்தினால் உள்ளே நீர் கோத்து மக்கு ஊறும். சூடேற்றும் கருவி வைத்து அறையைக் கதகதப்பாக்க வேண்டாம், திடீர்ச் சூடு கண்ணாடிச் சட்டங்களில் நீராகப் படியும். கூரை உருண்டையும் கீழ்த் துளைகளும் திறந்தே இருக்கட்டும்.

லென்ஸின் அடியிலும் படிக்கட்டின் அடிப்படியிலும் கறுப்புத் தாள் ஒன்றை விரித்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். வசந்தத்தில் திறந்ததும், மேலே ஏறும் முன், அந்தத் தாள்களில் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கீழ்த்தாளில் வெள்ளைப் பொடி என்றால் சுண்ணாம்புச் சாந்து, செந்துகள் என்றால் செங்கல் அல்லது துரு. மேல்தாளில் வெளிர்மஞ்சள் துகள் என்றால் லென்ஸின் மக்கு. அந்த ஆண்டு வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அதிலேயே தெரியும்.